பெயர் இல்லாமல் எரிக்க முடியாது

சவப்பெட்டி மூடியில் பெயர்த்தகடு பொருத்த நான்கு சின்னத் திருகாணிகள் போதும். முதல் தடவை என் கையில் திருப்புளியைக் கொடுத்தபோது நடுக்கத்தில் தகடு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மூத்த டெக்னீஷியன் எதுவும் சொல்லாமல் திருகாணிகளைக் கழற்றினார், தகட்டை நேராக வைத்தார், மறுபடி முடுக்கினார். அப்புறம்தான் பேசினார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், ஆனால் எனக்குத் தமிழில்தான் நினைவில் நிற்கிறது: "மூணு வருஷமா இவருக்கு நம்பர்தான் இருந்தது. இன்னிக்குத்தான் பேர் திரும்பக் கிடைக்குது. நேரா இருக்கட்டும்."

இங்கிலாந்தில் ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில், உடல் தான அலுவலகத்தில் எனக்கு வேலை. உடல் வந்து சேரும் நாளில் தொடங்கி, சாம்பல் குடும்பத்தின் கைக்குப் போகும் நாள்வரை உள்ள காகிதங்கள் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். நான் மருத்துவரும் இல்லை, வக்கீலும் இல்லை. ஆனாலும் இத்தனை வருடத்தில் ஒன்று புரிந்திருக்கிறது. மாணவர்கள் அறுத்துப் படித்த ஒரு உடலை எரிப்பதற்கு நெருப்பைவிடப் பெயர்தான் முக்கியம். பெயரும் காகிதமும் ஒட்டிக்கொண்டே வந்தால் எல்லாம் நடக்கும். எங்காவது ஓரிடத்தில் விட்டுப்போனால் அங்கேயே நின்றுவிடும்.

முதலில் உடல் எப்படி உள்ளே வருகிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எரிக்கும் நாளில் வருகிற சிக்கல்களில் பாதி அன்றைக்கே விதைத்தவை. இங்கே எங்களை ஆளுவது 2004-ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம். 2006 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு உடலை உடற்கூறியல் ஆய்வுக்காகக் கல்லூரியில் வைத்திருக்க இரண்டு விஷயம் வேண்டும்: இறந்தவரின் ஒப்புதல், மருத்துவர் கையெழுத்திட்ட இறப்புக் காரணச் சான்றிதழ். ஆனால் கத்தி வைக்க இது போதாது. பதிவாளரிடம் இறப்பைப் பதிவு செய்த பிறகுதான் அறுக்கலாம். வைத்திருப்பதற்கு ஒரு படி, தொடுவதற்கு இன்னொரு படி. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இந்த வித்தியாசத்தில்தான் முதலில் தடுமாறுவார்கள். நானும் தடுமாறினேன்.

அடுத்தது ஒப்புதல். மருத்துவமனையில் உறுப்பு தானத்துக்குக் குடும்பத்தார் சம்மதிப்பதைப் பார்த்திருக்கும் பலர், இதுவும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். இல்லை. முழு உடலையும் உடற்கூறியலுக்குக் கொடுக்க, அந்த ஆள் உயிரோடு இருக்கும்போதே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தது ஒரு சாட்சியின் முன்னால் கையெழுத்திட்டிருக்க வேண்டும், அல்லது உயிலில் முறையாக எழுதியிருக்க வேண்டும். இறந்த பிறகு மகனோ மகளோ மனைவியோ அவருக்காக ஒப்புதல் தர முடியாது. "அப்பா எப்பவும் சொல்லிக்கிட்டே இருப்பார், டாக்டர் பசங்களுக்குக் குடுத்துடணும்னு" என்று ஒருவர் போனில் அழுதபடி சொல்லும்போது, படிவம் இல்லை என்பதால் முடியாது என்று சொல்வதுதான் இந்த வேலையிலேயே எனக்குக் கஷ்டமான பகுதி. வாரத்தில் ஒன்றாவது அப்படி வரும்.

சட்டம் ஏன் இத்தனை கறார் என்பதற்குப் பழைய கதை இருக்கிறது. 1832-க்கு முன்னால் இந்த நாட்டில் சட்டப்படி அறுக்கக் கிடைத்தவை கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்கள்தான். அது போதவில்லை. கல்லறைகளைத் தோண்டி விற்கும் தொழில் வளர்ந்தது. 1828-இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் தோண்டும் சிரமம்கூட வேண்டாம் என்று பதினாறு பேரைக் கொன்று, உடல்களை ஒரு உடற்கூறியல் ஆசிரியருக்கு விற்றார்கள். நான்கு வருடம் கழித்து உடற்கூறியல் சட்டம் வந்தது. ஆனால் அது யார் உடலைக் கொண்டுவந்தது தெரியுமா? ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய பணிமனைகளிலும் மருத்துவமனைகளிலும் கேட்பாரற்று இறந்த ஏழைகளின் உடல்களை. அவர்களை யாரும் கேட்கவில்லை. அதே வருடம் ஜெரமி பெந்தம் என்ற தத்துவவாதி தன் உடலைத் தானே எழுதிக்கொடுத்து அறுக்கச் சொன்னார். அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், மற்றவர்களைப் பற்றி யாருக்கும் தெரியாது. பெயர் எழுதிக்கொடுத்தவர், பெயரே கேட்கப்படாதவர்கள் என்ற இந்தப் பிளவு என் மேசையில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

உடல் வந்ததும் அதற்கு ஒரு எண். கணுக்காலிலும் மணிக்கட்டிலும் எண் பொறித்த வில்லை. மாணவர்களுக்குப் பெயர் தெரியாது. வயதும் இறப்புக்கான காரணமும் மட்டும் சொல்வோம். பெயரும் எண்ணும் சேர்ந்திருக்கும் பதிவேடு பூட்டிய அலமாரியில். அறுக்கும் மேசை ஒவ்வொன்றுக்கும் கீழே அதே எண் எழுதிய மூடியுள்ள வாளி ஒன்று. தோலோ, கொழுப்போ, நகத்தளவு சதையோ எது வெட்டுப்பட்டாலும் அந்த வாளிக்குள்தான் போக வேண்டும். கையுறையும் டிஷ்யூ பேப்பரும் அதில் விழக் கூடாது, அவற்றுக்கு வேறு தொட்டி. முதல் வாரத்தில் மாணவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வோம். ஒரு பையன் ஒருமுறை கேலியாகக் கேட்டான், இவ்வளவு சின்னத் துண்டு எந்த மேசையில் இருந்தால் என்ன என்று. பேராசிரியர் அவனையே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து எண்ணை உரக்கப் படிக்கச் சொன்னார். அவ்வளவுதான், அறையில் அப்புறம் சத்தமே இல்லை.

ஏனென்றால் அந்த வாளியில் உள்ளதும் மேசையில் உள்ளதும் கடைசியில் ஒரே பெட்டிக்குள் போகும். ஒருவருடைய பெட்டிக்குள் இன்னொருவருடைய விரல் நுனிகூட இருக்கக் கூடாது.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்? 1984-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தபோது மூன்று வருடம் என்று வரம்பு இருந்தது. இப்போது சட்டத்தில் அப்படிக் கணக்கு இல்லை. தானம் செய்தவர் எதற்கு ஒப்புக்கொண்டாரோ அதுதான் வரம்பு. எங்கள் படிவத்தில் மூன்று வருடம் என்றுதான் இன்னும் எழுதியிருக்கிறது, பழக்கம். அதற்கு மேல் சில பாகங்களை வைத்துக்கொள்ளலாமா என்று தனியாக ஒரு கட்டம். ஆம், இல்லை. அந்த ஒரு கட்டம் எனக்கு என்ன பாடு கொடுத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். (ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு. அங்கே 1984-ஆம் ஆண்டுச் சட்டம்தான் திருத்தங்களோடு தொடர்கிறது. நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்.)

சரி, எரிக்கும் கட்டம். இங்கே தகனத்தின் சட்ட வரலாறு சற்று விசித்திரமானது. 1884-இல் வேல்ஸில் வில்லியம் பிரைஸ் என்ற வயதான வைத்தியர் இறந்த தன் குழந்தையை மலையில் எரிக்க முயன்று, கைதாகி, வழக்கு நடந்தது. பிறருக்குத் தொந்தரவு இல்லாமல் எரித்தால் அது குற்றமில்லை என்று நீதிபதி சொன்னார். அதற்கு 18 வருடம் கழித்துத்தான் 1902-இல் தகனச் சட்டம் வந்தது. இன்று நாங்கள் பின்பற்றும் படிவங்கள் 2008-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளிலிருந்து வருபவை, 2009 ஜனவரி முதல் நடப்பில் உள்ளவை.

சாதாரணமாக இறந்த ஒருவரை எரிக்க 2024 வரை மருத்துவச் சான்றிதழ் வேண்டியிருந்தது. உடலை மருத்துவர் பார்த்து, சந்தேகம் ஏதுமில்லை என்று நான்காம் எண் படிவத்தில் எழுதித் தர வேண்டியிருந்தது. (அந்தப் படிவமே 2024 செப்டம்பர் 9-இலிருந்து இல்லை, மரண விசாரணை அதிகாரியான கொரோனரிடம் போகாத இறப்பை எல்லாம் முதலிலேயே ஒரு மருத்துவப் பரிசோதகர் சரிபார்க்கும் முறை வந்துவிட்டது.) உடற்கூறியலுக்கு வந்த உடலுக்கு அந்த நான்காம் படிவம் எப்போதுமே பொருந்தியதில்லை. மூன்று வருடம் ஃபார்மலினில் ஊறி, தோலுரித்து, நரம்பு வரை பிரித்துப் பார்த்த உடலை ஒரு மருத்துவர் வந்து பார்த்து எதைச் சொல்ல முடியும்? அதனால் எங்களுக்கென்றே ஏழாம் எண் படிவம். உடற்கூறியல் ஆய்வு முடிந்தது என்று சான்று சொல்லும் ஒற்றைத் தாள். அதோடு முதல் படிவம், அதாவது தகனத்துக்கான விண்ணப்பம். இரண்டும் தகனக்கூடத்தின் மருத்துவ நடுவரிடம் போகும். அவர் பார்த்துத் திருப்தியானால் பத்தாம் படிவத்தில் கையெழுத்திடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் உலை திறக்காது.

இறப்பைப் பதிவு செய்தபோது பதிவாளர் தந்த, புதைக்கவோ எரிக்கவோ அனுமதிக்கும் பச்சைத் தாளையும் சேர்க்க வேண்டும். அதில் கிழித்தெடுக்கும் துண்டு ஒன்று இருக்கும். எங்கே, எப்போது, எப்படி என்று எழுதி, எரித்து 96 மணி நேரத்துக்குள் பதிவாளருக்குத் திரும்பிப் போக வேண்டும். மற்றவர்களுக்கு இது இறந்த சில நாளிலேயே முடிந்துவிடும் வேலை. எங்களுக்கு அந்தப் பச்சைத் தாளை வருடக்கணக்கில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். முதல் வருடம் நான் அதை மற்றக் கடிதங்களோடு கோர்த்து வைத்துவிட்டு, தகன வாரத்தில் மூன்று கோப்புகளைத் தலைகீழாகக் கொட்டித் தேடினேன். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் உறையில், கோப்பின் முதல் பக்கத்தில், எப்போதும். வேறெந்தப் புத்திசாலித்தனமும் இதில் இல்லை.

ஒருமுறை நடுவர் எங்கள் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார். காரணம் ஒரே ஒரு எழுத்து. அந்த அம்மாள் ஒப்புதல் படிவத்தில் தன் பெயரின் கடைசியில் ஒலிக்காத ஓர் எழுத்தைச் சேர்த்து எழுதியிருந்தார். பதிவாளரிடம் போன மருமகன் அந்த எழுத்து இல்லாமல் பதிந்துவிட்டார். நான் ஒரு படிவத்தில் ஒன்றையும் மற்றதில் மற்றதையும் பார்த்து எழுதியிருந்தேன். தகனக்கூடத்தில் நேரம் குறித்தாயிற்று, குடும்பத்தினர் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு எரிச்சல், ஒரு எழுத்துக்கு இத்தனை அமர்க்களமா என்று. நடுவரோ போனில் பொறுமையாகச் சொன்னார்: "எரித்த பிறகு நான் எதையும் திரும்பிப் பார்க்க முடியாது. என்னிடம் இருப்பது காகிதம் மட்டும்தான். இரண்டு காகிதத்தில் இரண்டு பேர் இருந்தால் நான் யாரை எரிக்க அனுமதிக்கிறேன்?" அவர் சொன்னது சரிதான். அன்று முதல் உடல் வந்த வாரத்திலேயே மூன்று காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிடுகிறேன். பிழை இருந்தால் அப்போது திருத்துவது சுலபம். மூன்று வருடம் கழித்து மருமகன் எங்கே இருப்பாரோ.

இனி, பாகங்களை வைத்துக்கொள்ளலாமா என்ற அந்தக் கட்டத்தின் கதை.

தகனம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். செய்முறை அறையின் பின்பக்க அலமாரியைச் சுத்தம் செய்த டெக்னீஷியன் ஒரு கண்ணாடி ஜாடியோடு வந்தார். உள்ளே ஒரு பொட்டெலும்பு. காதின் உள்பகுதி, அங்கவடி எலும்பெல்லாம் தெரியும்படி நேர்த்தியாகச் செதுக்கியிருந்தது. யாரோ ஆசிரியர் பாடம் நடத்த எடுத்து, ஜாடியில் போட்டு, மறந்திருக்கிறார். வில்லையில் எண் இருந்தது. பதிவேட்டைத் திறந்தேன். இரண்டு மாதத்துக்கு முன் நாங்கள் எரித்த முதியவரின் எண். கைநடுக்கத்தோடு அவருடைய ஒப்புதல் படிவத்தைத் திருப்பினேன், பாகங்களை வைத்துக்கொள்ளலாமா என்ற கட்டத்தைப் பார்க்க. "இல்லை" என்பதில் டிக். அழுத்திப் போட்டிருந்தார், மறுபக்கத்தில் தடம் தெரிந்தது.

நான்தான் ஏழாம் படிவத்துக்கான காகிதங்களைத் தயார் செய்தவன். வாளி வந்ததா என்று பார்த்தேன், உடல் வந்ததா என்று பார்த்தேன். வேறு எங்கேயாவது ஏதாவது எடுத்துச் சென்றார்களா என்று ஆசிரியர்களைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவுமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பிழை என் கையில்தான்.

சின்ன எலும்புதானே, மருத்துவக் கழிவோடு எரியூட்ட அனுப்பிவிட்டால் என்ன என்று துறையில் ஒருவர் மெதுவாகக் கேட்டார். எங்கள் உரிமத்துக்குப் பொறுப்பாளரான பேராசிரியை அவரைத் திரும்பிப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. இங்கே உடற்கூறியல் நடத்த உரிமம் வேண்டும். உரிமத்தில் ஒரு ஆளின் பெயர் இருக்கும். தவறு நடந்தால் மனிதத் திசு ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "மகளிடம் எப்போது பேசப் போகிறீர்கள்?"

அன்று மதியமே பேசினேன். எழுதி வைத்துக்கொண்டு போன் செய்தேன், ஆனால் எழுதியதைப் படிக்க முடியவில்லை. "உங்கள் அப்பாவின் சாம்பலை நீங்கள் வாங்கிக்கொண்டு போனீர்கள். அவருடைய காது எலும்பு ஒன்று எங்களிடம் விட்டுப்போயிருக்கிறது. எங்கள் தவறு" என்று நேராகச் சொன்னேன். நீண்ட மௌனம். அப்புறம் அவர் கேட்டார்: "எந்தக் காது?" நான் திகைத்துவிட்டேன். வலது, என்றேன். அவர் சிரித்துவிட்டார். "வலது காதுதான் அவருக்குக் கேட்காது. அதான் விட்டுட்டுப் போயிருக்கார்" என்றார். பிறகு அழுதார். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

செய்ய வேண்டியது இதுதான். உடலின் மற்றப் பகுதி ஏற்கெனவே எரிக்கப்பட்டோ புதைக்கப்பட்டோ இருந்தால், பிறகு கிடைக்கும் பாகத்துக்கு முதல் படிவம் செல்லாது. உடற்பாகங்களுக்கென்று இரண்டாம் எண் விண்ணப்பம் இருக்கிறது. அதோடு அந்தப் பாகத்தை வைத்திருக்கும் நிறுவனம், இனி இதில் ஆராய எதுவுமில்லை, எரிக்க விடுவிக்கிறோம் என்று எட்டாம் எண் படிவத்தில் சான்று தர வேண்டும். அதையும் நடுவர் பார்த்து அனுமதிப்பார். உள்ளங்கையளவு பெட்டி. அதற்கும் பெயர்த்தகடு வைத்தோம், நேராக. அந்த மகள் வந்திருந்தார். எலும்பு அத்தனை சின்னது என்பதால் சாம்பலென்று எதுவும் மிஞ்சாமலே போகலாம் என்று தகனக்கூடத்தினர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பரவாயில்லை, எரிந்தால் போதும் என்றார்.

இப்போது எங்கள் துறையில் ஏழாம் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு தாள் சுற்றி வரும். அந்த எண்ணிலிருந்து எதையாவது, எங்கேயாவது, எதற்காகவாவது எடுத்தவர்கள் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எடுக்காதவர்களும் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள்.

சாம்பல் பற்றிக் குடும்பத்தார் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இவ்வளவு அறுத்த பிறகு மிஞ்ச ஏதாவது இருக்குமா? இருக்கும். சாம்பல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் எலும்பின் தாதுப்பொருள்தான், அதை அரைத்துத்தான் தருகிறார்கள். தசையும் கொழுப்பும் எப்படியும் எரிந்து போகிறவை. எலும்பு முழுதாக இருக்கும்வரை, மற்றவர்களுக்குக் கிடைப்பது போல இரண்டு மூன்று கிலோ கிடைக்கும். எலும்புக்கூட்டை வைத்துக்கொள்ளத் தானம் செய்தவரே சம்மதித்திருந்தால் மட்டும் குறையும். இதை அவர்கள் கேட்கும் முன்பே நான் சொல்லிவிடுகிறேன். கேட்கச் சங்கடப்படுகிறவர்கள்தான் அதிகம். இதயமுடுக்கி பொருத்தியிருந்தால் அதன் பேட்டரி உலையில் வெடிக்கும், ஆகவே உடல் வந்ததுமே எடுத்துவிடுவோம். அதையும் பதிவில் எழுதி வைக்க வேண்டும், எரிக்கும் நாளில் கேட்பார்கள்.

விண்ணப்பம் யார் பெயரில் என்பதும் முக்கியம். முதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவர் உயிலை நிறைவேற்றுபவர் அல்லது நெருங்கிய உறவினர். அவர்கள் இல்லையென்றால் கல்லூரி சார்பில் நாங்களே விண்ணப்பிக்கலாம், ஆனால் ஏன் நாங்கள் என்று காரணம் எழுத வேண்டும். சாம்பல் யாருக்கு என்று தீர்மானிப்பது விண்ணப்பதாரர். மூன்று வருடத்தில் ஆட்கள் வீடு மாறியிருப்பார்கள், மணம் முறிந்திருக்கும், அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றிருக்கும். இரண்டு பிள்ளைகள் தனித்தனியாக என்னிடம் "எனக்குத்தான்" என்று சொன்ன நாளும் உண்டு. அது எங்கள் கையில் இல்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது, ஏனென்றால் படிவத்தை அனுப்பி வைப்பது நாங்கள். இப்போது உடல் வரும்போதே, சாம்பல் யாருக்கு என்று ஒருவர் பெயரை எழுதி வாங்கிவிடுகிறேன். வாங்க வராத சாம்பலைத் தகனக்கூடம் உடனே தூவிவிட முடியாது. விண்ணப்பதாரருக்கு 14 நாள் அறிவிப்பு கொடுத்த பிறகுதான். அந்த அறிவிப்பு பழைய முகவரிக்குப் போய்த் திரும்பினால் யாருக்கு என்ன பயன்?

இந்த நாட்டில் தானம் செய்ய நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும்போது சொல்வது இவ்வளவுதான். படிவம் கல்லூரியிலிருந்து வாங்குங்கள், சாட்சி முன்னால் கையெழுத்திடுங்கள், நகலை வீட்டில் இருப்பவர் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். உயிலில் மட்டும் எழுதி லாக்கரில் பூட்டினால், உயிலைத் திறக்கும்போது நாள் கடந்திருக்கும். பாகங்களை வைத்துக்கொள்ளும் கட்டத்தில் யோசித்து டிக் போடுங்கள், போட்டதை வீட்டில் சொல்லுங்கள். சட்டப்படி உங்கள் ஒப்புதல் போதும் என்றாலும், குடும்பம் மறுத்து நிற்கும் வீட்டிலிருந்து உடலை எடுத்துவர எந்தக் கல்லூரிக்கும் மனம் வராது. இன்னொன்று, கல்லூரி வேண்டாம் என்றும் சொல்லலாம். கொரோனர் விசாரணை, பிரேதப் பரிசோதனை, சில தொற்றுகள், அண்மையில் நடந்த பெரிய அறுவைச் சிகிச்சை, அல்லது வெறுமனே அந்த வாரம் இடமில்லை. ஆகவே இறுதிச் சடங்குக்கு வேறு ஏற்பாடும் யோசித்து வைத்திருக்க வேண்டும். "நாங்க தானம் பண்ணிட்டோம், எங்களுக்கு ஒரு செலவும் இல்லை" என்று நிம்மதியாக இருந்த வீட்டில் அந்த ஒரு போன் பேரிடி.

கடைசியாக ஒரு மரப்பெட்டி.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்மணி அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மாமனார் மருத்துவர், ஐம்பதுகளில் படித்தவர். வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு மரப்பெட்டி கிடைத்திருக்கிறது. திறந்து பார்த்துவிட்டு மூடி, இரண்டு நாள் தூங்கவில்லையாம். உள்ளே பாதி எலும்புக்கூடு. ஒரு கை, ஒரு கால், மண்டையோடு, கயிற்றில் கோர்த்த முதுகெலும்புகள். அந்தக் காலத்து மாணவர்கள் படிக்க வாங்கும் செட். அவர் கேட்டது நியாயமான கேள்வி: "இவரை எரித்துவிட முடியுமா?"

நான் எலும்பைத் திருப்பிப் பார்த்தேன். பழுப்பேறி, கையாண்டு கையாண்டு வழவழப்பாகியிருந்தது. துடையெலும்பில் மையில் ஒரு எண், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் இங்கே விற்ற எலும்புகளில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து, கொல்கத்தா வழியாகக் கப்பலேறி வந்தவை. இந்திய அரசு 1985-இல் மனித எலும்பு ஏற்றுமதிக்குத் தடை போட்ட பிறகுதான் அது நின்றது. மண்டையோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அந்தப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு "மன்னிக்க வேண்டும்" என்றார். அவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

எனக்குத் தெரிந்த படிவங்களை ஒவ்வொன்றாக மனத்தில் எடுத்துப் பார்த்தேன். முதல் படிவம் இறந்தவரின் பெயர் கேட்கும். பெயர் இல்லை. இறந்த தேதி கேட்கும். இல்லை. ஏழாம் படிவம் மனிதத் திசுச் சட்டத்தின் கீழ் ஆய்வுக்கு உட்பட்ட உடலுக்கு. இது அப்படி வரவில்லை. இரண்டாம், எட்டாம் படிவங்கள் மற்றப் பகுதி எரிந்தோ புதைந்தோ போனவருக்கு. மற்றப் பாதி எங்கே என்று யாருக்குத் தெரியும்? பதிவாளர், பச்சைத் தாள், ஒன்றும் இல்லை. நடுவரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த ஒலிக்காத எழுத்தை நினைவுபடுத்தினார்.

ஒப்புதல் விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்றால், இறந்து நூறு வருடம் ஆகியிருந்தால் கேட்பதில்லை, வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான உடலுக்கும் திசுவுக்கும் கேட்பதில்லை. அதாவது இந்த மனிதரிடம் அவருடைய ஊரிலும் யாரும் கேட்கவில்லை, இங்கே கேட்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. வைத்திருக்க மட்டும் உரிமம் வேண்டும், அது எங்களிடம் இருந்தது. பதினாறு பேரைக் கொன்ற பர்க்கைத் தூக்கிலிட்டு அறுத்தார்கள். அவனுடைய எலும்புக்கூடு எடின்பரோ அருங்காட்சியகத்தில் இன்றும் பெயர்ப்பலகையோடு நிற்கிறது. பெயரோடு நிற்க என்ன செய்திருக்க வேண்டும் என்று அன்று ஒரு கசப்பான நினைப்பு வந்தது.

பெட்டியை நாங்களே வாங்கிக்கொண்டோம். அந்தப் பெண்மணியிடம் அன்பளிப்புக் கடிதம் எழுதி வாங்கினேன், எப்படிக் கிடைத்தது என்று அவருக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதச் சொன்னேன். முக்கால் பக்கம் எழுதினார், பெரும்பாலும் மாமனாரைப் பற்றி. எலும்புகளைத் துடைத்து, ஒவ்வொன்றையும் எண்ணி, புதுப் பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கினோம். மாணவர்கள் அதைப் பாடத்துக்கு எடுக்கும்போது எங்கிருந்து வந்தது என்று பேராசிரியை சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்.

பதிவேட்டில் புது எண் கொடுத்தேன். எங்கே இருக்கிறது, என்னென்ன இருக்கிறது, யார் கொடுத்தது, எல்லாம் எழுதினேன். பெயர் என்ற கட்டத்தில் "தெரியாது" என்று எழுதச் சொல்கிறார்கள். வருடா வருடம் தணிக்கைக்கு வருகிறவர் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார், நிரப்பவில்லை என்று. இதுவரை ஆறு புள்ளிகள். நான் இன்னும் வெறுமையாகத்தான் விட்டிருக்கிறேன்.